வெய்யிற் காலத்துப் பின்னல் வேலை

கம்பளி நூலும் பின்னல் ஊசியும் குளிர்நாட்டாருக்கே உரியவை என்பது நம்மவர் பலரின் தீர்ந்த முடிவு. ஆண்டு முழுவதும் வேர்வை வடியும் இந்நாட்டில், ஒருத்தி வாசலில் அமர்ந்து பின்னிக்கொண்டிருப்பாளாயின் அவளைக் கண்டு நகையாதார் சிலரே. “யாருக்கு அக்கா ஸ்வெட்டர்? நாய்க்கா?” என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மீது நான் கோபங்கொள்வதில்லை. கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையையும், என் வீட்டு நாய்கள் இரண்டின் சங்கதியையும், அடுத்த வீட்டு நாய் ஒன்றிற்கு நேர்ந்ததையும் இங்கே எழுதுகின்றேன்.

நான் பிறந்தது ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில். இப்பொழுது வசிப்பது கெடா மாநிலம் சுங்கைப்பட்டாணிக்கு அண்மையில். இருபத்தாறு ஆண்டுகள் மரம் வெட்டியவள். பின்னல் வேலையைப் பள்ளிக்கூடத்தில் கற்றேனல்லேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்த்துவந்த ஓர் ஆயா, பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் இரண்டை முனை தேய்த்து என் கையிற் கொடுத்து, “வாயை மூடிக்கொண்டு எண்ணு” என்றார். பாடம் அவ்வளவே. பின்னலில் அடிப்படையான கண்ணிகள் இரண்டுதாம். நூலை முன்புறமாக இழுப்பது ஒன்று, பின்புறமாக இழுப்பது மற்றொன்று. காலுறையும் சால்வையும் ஸ்வெட்டரும் அவ்விரண்டின் கூட்டே. கையெழுத்துப் போடத் தெரியாத அந்த ஆயா நூற்றிருபது கண்ணிகளை ஒன்று தவறாமல் எண்ணுவார்.

நாய்களும் தோட்டத்துச் சொத்துத்தான். தோட்டம் விலைபோய், லயங்கள் இடிக்கப்பட்டு, எங்களவர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபொழுது நாய்களுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. விடியுமுன் நெற்றிவிளக்கோடு மரம் வெட்டப் போன பெண்களுக்கு முன்னே ஓடி, பாம்பையும் காட்டுப்பன்றியையும் குரைத்து அறிவித்த அந்தப் பிராணிகள், இடிந்த லயத்தின் வாசலில் வாரக்கணக்காகக் காத்துக் கிடந்தன. அப்படிக் கிடந்த ஒன்றின் பேத்திதான் என் கறுப்பி. மற்றொன்றின் பெயர் டைகர். பெயர்தான் புலி, பன்னிரண்டு வயதாகிவிட்டபடியால் பூனை வந்தாலும் எழுந்திருப்பதில்லை.

இந்நாட்டின் வடபகுதியில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் கொடியவை. பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலம் அது. நிழல் தரவேண்டிய மரமே மொட்டையாக நின்றால் மனிதனும் மிருகமும் எங்கே ஒதுங்குவது? 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியசு வரை ஏறிற்று. 2016 ஏப்ரலில் வெய்யிலின் கொடுமை தாங்காது பெர்லிசிலும் கெடாவின் சில வட்டாரங்களிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தது. மரம் வெட்டுகிறவர்களுக்கு எவரும் விடுமுறை கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

வெய்யிலோடு வாழும் வித்தையைப் பால்மரமே எனக்குக் கற்பித்தது. மரத்தை ஏன் விடியுமுன் வெட்டுகிறோம்? இரவெல்லாம் மரத்தினுள் நீர் நிறைந்து நிற்பதால் பட்டையிலுள்ள பால்குழாய்கள் விம்மியிருக்கும். கீறியவுடன் பால் தாரையாக வடியும். சூரியன் ஏறினாலோ இலைகள் நீரை இழுத்து ஆவியாக விட்டுவிடும், குழாயில் அழுத்தம் தளரும், பால் நின்றுவிடும். பின்னலும் அப்படியே. காலை ஐந்து முதல் ஒன்பது வரை கை வழவழவென்று ஓடும். பதினொரு மணிக்கு மேல் உள்ளங்கை வேர்த்து, செயற்கை நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மூங்கில் ஊசி அந்த ஈரத்தைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் வெய்யிற் காலத்தில் உலோக ஊசிகளைக் கட்டிவைத்துவிடுகின்றேன். நூலும் பருத்தி நூலே. அதற்குக் கம்பளிபோல் இழுபடும் தன்மை இல்லை. நெடுநேரம் பின்னினால் மணிக்கட்டு நோகும். நண்பகலில் சிக்கெடுப்பதும் உருண்டை சுற்றுவதுமன்றி வேறு வேலை செய்வதில்லை.

என் நாய்களுக்கும் இதே கால அட்டவணைதான். ஆறு மணிக்கு முன்னரே அவற்றை உலாத்தக் கூட்டிப் போய்விடுவேன். தாமதமாகிவிட்டால் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணுவேன். கை பொறுக்காத சாலையை அவற்றின் பாதமும் பொறுக்காது. திரும்பி வந்ததும் டைகர் கூடத்துச் சிமெந்துத் தரையில் நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு படுத்துவிடும். கறுப்பியின் புத்தி வேறு. குளியலறைத் தண்ணீர் பாயும் வாழைக் கன்றுகளின் அடியில் மண்ணை ஒரு முழ ஆழம் பறித்து, அக்குழியில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும். என் வாழைகள் இரண்டு அதனால் சாய்ந்துபோயின. வெய்யில் தணிந்த பிறகு வேறு கன்று நட்டால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

நாய்க்கு நம்மைப்போல் மேனியெங்கும் வேர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டும் சிறிது வேர்க்கும். நாவை நீட்டி இளைத்து, நாவிலும் மூச்சு வழியிலுமுள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது தன் உடலைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும் நம் நாட்டில் அதுவும் எளிதன்று. நாயின் இயல்பான உடற்சூடு ஏறக்குறைய 38 முதல் 39 பாகை; 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவளல்லேன். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பிற்பகல் இரண்டு மணி இருக்கும். அடுத்த வீட்டில் லாரி ஓட்டி ஓய்ந்த ஓர் அண்ணன் இருக்கிறார். நல்லவர், எவர் வீட்டுச் சாவுக்கும் முதலில் நாற்காலி தூக்கி வருகிறவர். அவருடைய நாயை ஓர் இரும்புத் தூணில் சங்கிலியிட்டுக் கட்டியிருந்தார். காலையில் அத்தூணருகே மாமர நிழல் விழும். நண்பகலுக்குப் பின் நிழல் வேலியைத் தாண்டிப் போய்விடும். நிழல் நகர்கிறது, சங்கிலி நகர்வதில்லை. இதை முன்னரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். “நாய்க்கு வெய்யில் புதிதா, தங்கச்சி? தோட்டத்தில் எந்த நாய்க்குக் கூரை போட்டோம்?” என்றார். தோட்டத்தில் எந்த நாயையும் கட்டிப்போட்டதில்லை என்பதை அவர் மறந்துவிட்டார்.

அன்று குரைப்பும் இல்லை, முனகலும் இல்லை. அந்த அமைதிதான் என்னை எழுப்பிற்று. போய்ப் பார்த்தால் நாய் எழ முயன்று பக்கவாட்டில் சரிகிறது, நாக்கு கருஞ்சிவப்பாகிவிட்டது, எச்சில் பசைபோல் தொங்குகிறது. வெளிக்குழாயைத் திறந்தேன். கூரைமேல் தொட்டியில் காய்ந்த தண்ணீர் கையைச் சுட்டது! என் குளியலறைத் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வயிற்றிலும், தொடையிடுக்கிலும், முன்னங்கால்களின் அடியிலும், பாதங்களிலும் ஊற்றினேன். சத்தங்கேட்டு ஓடிவந்த அண்ணன் பனிக்கட்டி கொண்டுவரப் போனார். “வேண்டாம் அண்ணே, விசிறுங்கள்” என்றேன். பனிக்கட்டி பட்டால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளிருக்கும் சூடு வெளியேறாது போகக்கூடும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடுவதும் தவறு. துணியே சூடேறிப் போர்வையாகிவிடும். தண்ணீரும் காற்றுமே வேண்டியவை. அவர் பழைய பத்திரிகையை மடித்து விசிறினார். கை நடுங்கிற்று. கால் மணி நேரத்திற்குப் பின் அது தலையைத் தூக்கிற்று. பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தபொழுதும் உடற்சூடு 40 பாகைக்குக் குறையவில்லை. பிழைத்துக்கொண்டது. ஆயினும் பின்னங்கால்களில் ஒரு தள்ளாட்டம் நின்றுவிட்டது.

அண்ணன் மறுவாரமே ஒரு கொட்டகை போட்டார். முதலில் துத்தநாகத் தகடு போட எண்ணினார். அடுப்பின்மேல் மூடி வைத்தது போலாகும் என்று நான் தடுக்க, அத்தாப்புக் கூரை வேய்ந்தார். சங்கிலியை இரவில் மட்டும் கழற்றுகிறார். முற்றிலும் கழற்றிவிடத்தானே வேண்டும் என்பீர்கள். எங்கள் தெருவில் நாயின் எச்சில் படலாகாது என்னும் மார்க்க ஒழுக்கமுடைய மலாய்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய வாசலில் போய் நிற்கும் நாயை வளர்ப்பது நல்ல அண்டை வீட்டானுக்கு அழகன்று. அதற்குச் சரியான மருந்து வேலி. வேலிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். நானும் மாதந்தோறும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, யாருக்குப் பின்னுகிறேன் என்ற கேள்விக்கு வருவோம். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்யும் உறவினர்க்கு ஆண்டுக்கு இரண்டு ஸ்வெட்டர் போகின்றன. அது சிறிது. பெரும்பகுதி, பிறந்த குழந்தைகளுக்கான குல்லாய்கள். வெளியில் எவ்வளவு வெய்யில் காய்ந்தாலும், கருப்பையின் சூட்டிலிருந்து ஈரமேனியோடு வெளிவரும் சிசுவுக்கு இவ்வுலகம் குளிர்ந்ததே. உடலை நோக்க அதன் தலை பெரிது. சூடு அவ்வழியே வெகுவாக இழக்கப்படும். குறைமாதக் குழந்தைக்கோ தோலின் கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு. எனவே வெப்ப நாட்டிலும் குல்லாய் வேண்டும்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மட்டை உரித்த தேங்காய் ஒன்றின்மேல் மாட்டி அளவு பார்ப்பேன். குறைமாதக் குழந்தைக்கு ஒரு பெரிய ஆரஞ்சுப் பழமே அளவு. முதன்முறை அந்த ஆரஞ்சுப் பழத்தின்மேல் குல்லாயை மாட்டியபொழுது சிறிது நேரம் ஒன்றும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்புறம் நூல்முனை தொங்கலாகாது. நாய்மயிர் ஒன்றும் இருக்கலாகாது. முடித்தவுடன் கொதிநீரில் அலசி, இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவேன். அந்த டின் இருக்கும் அலமாரிப் பக்கம் போகலாகாது என்பது கறுப்பிக்குத் தெரியும். டைகருக்குத் தெரிந்தும் பிரயோசனமில்லை, தினமும் அங்கேயே போய்ப் படுக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. அதே குல்லாயைக் கடைக்கும் கொடுக்கிறேன், அதற்கு வாங்குவேன். சென்ற ஆண்டு ஒரு கடைக்காரர், “வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே அம்மா, ஐந்து வெள்ளி போதாதா?” என்றார். இந்தச் ‘சும்மா’ என்ற சொல்லைச் சிறிது ஆராய வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து, நாய்களுக்குத் தண்ணீர் மாற்றி, நான்கு மணி நேரம் கண்ணி எண்ணி, சமைத்து, துணி துவைத்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் சும்மா இருக்கிறாள்; கடையில் மின்விசிறியின்கீழ் நாற்காலியில் இருக்கிறவர் தொழில் செய்கிறார்! நம் சமூகத்தில் ஆண் கைவேலை செய்தால் அது கூலி. பெண் செய்தால் அது பொழுதுபோக்கு. தோட்டத்தில் ஒட்டுப்பாலைக்கூட நிறுத்துக் கூலி போட்டார்கள். நூலுக்கு மட்டும் தராசு கிடையாதா?

கணக்கை எழுதிக் காட்டினேன். 2025இல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. குல்லாய் ஒன்றிற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். கூலி மட்டும் 26 வெள்ளி 16 காசு. நூலுக்கு மூன்று வெள்ளி. நான் கேட்டதோ இருபது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்றார். நான் டின்னை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இலவசமாகக் கொடுப்பது வேறு, மலிவாகப் பறிகொடுப்பது வேறு. பத்து நாள் கழித்து அவரே ஆளனுப்பினார். இருபதுக்குத்தான் கொடுக்கிறேன்.

நூல்வேலையை அற்பமென்று கருதுகிறவர்க்கு ஒரு பழைய செய்தி. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னரே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்த நூல்வேலையின் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர்.

இப்பொழுது விடியற்காலையில் எங்கள் தெருப் பெண்கள் மூவர் என்னிடம் பழக வருகிறார்கள். அண்ணனின் மருமகளும் அவர்களில் ஒருத்தி. அவள் இடக்கைப் பழக்கமுடையவள். பக்கத்தில் உட்கார்த்திக் கற்பித்தால் எல்லாம் தலைகீழாகிறது. எதிரே உட்கார்த்தினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் கையைப் பார்த்துச் செய்துவிடுகிறாள். எதிரெதிரே நால்வர் அமரக் கூடத்தில் இடம் போதவில்லை. ஆகையால் ஏழு மணிவரை டைகர் வாசலில் படுத்துக்கொள்கிறது. வெய்யில் படியேறியதும் உள்ளே வந்து, யார் இருந்தாலும் கவலைப்படாமல், அவர்கள் கால்களுக்கிடையே தன் சிமெந்துத் தரையைத் தேடிக்கொள்கிறது.