52 நிமிடம்

போன வருடம் ஒருநாள் இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். மட்டக்களப்பில் நாங்கள் நாலு பேர் இருந்த வாடகை அறைக்கு போன் வந்தது. எங்களோடு படிக்கும் நண்பனின் அம்மா யாழ்ப்பாணத்தில் மோசம் போயிட்டா. "நாளைக்கு மத்தியானம் எடுக்கினம் மச்சான்." அவ்வளவுதான் சொன்னான்.

இரவு பஸ் போய்விட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் மட்டக்களப்பு, பலாலி என இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டு போனில் தேடினோம். உடனே பதில் வந்தது: 290 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 52 நிமிடம். ஒரு கணம் சந்தோசப்பட்டோம் என்றால் நம்புவீர்களா? டிக்கெட் தேடிய பிறகுதான் விளங்கியது, அந்த வழியில் விமானமே இல்லை.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பிறகு பார்த்தோம். பூமியை ஒரு உருண்டையாக எடுத்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் மிகக் குறுகிய கோட்டைப் போடுகிறார்கள். அதை மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தால் பிரித்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டினால் 52 நிமிடம். மட்டக்களப்பு ஓடுபாதையோ ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். அந்த வேகத்தில் பறக்கிற பெரிய ஜெட் அங்கே இறங்காது. கணக்குக்கு அதெல்லாம் தேவையில்லை.

அந்தக் கோடு வாழைச்சேனை, திருகோணமலைக்கு மேற்கு, வன்னிக் காடு, கிளிநொச்சி என்று நேரே போகும். நாங்கள் விடிய ஐந்தரை பஸ்ஸில் பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி, வவுனியா என்று சுற்றிப் போனோம். ஒன்பது மணித்தியாலம்.

பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர். மட்டக்களப்பைவிடத் தூரம். ஆனால் 2019 நவம்பரில் அந்தச் சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பலாலிக்கு மட்டக்களப்பைவிடச் சென்னை கிட்ட என்பதை பஸ் ஜன்னலோரம் இருந்து யோசித்துக்கொண்டு போனோம்.

கோபமும் வந்தது. ஆனால் முழுக் கோபத்தையும் விமானம் விடாதவர்கள் மேல் போட முடியவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு லீவு முடியவும் அவனிடம் எங்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் கட்டி அனுப்புவா. போனில் கதைக்கும்போது, "அவ்வளவு தூரமே பிள்ளையள்? ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்" என்பா. "சோதனை முடிய வாறம் அம்மா" என்போம். மூன்று வருசத்தில் எத்தனை சோதனை முடிந்தது! அந்த ஐந்தரை பஸ் எல்லா நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செத்த வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. எல்லாம் முடிந்து, முற்றம் கழுவிக் கிடந்தது. அவன் வந்து எங்களைக் கட்டிப்பிடித்தான். அவனுடைய அப்பா பிளேன் டீ கொண்டுவந்து வைத்தார்.

"கன தூரம் என்ன?" என்று கேட்டார்.

நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம்.