ஆச்சி காட்டிய பதம்

"பதம்னா என்ன ஆச்சி?" என்று கேட்டேன்.

விடிகாலை மூன்றரை மணி. தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்து. கையில் ஒலிப்பதிவுக் கருவி, மடியில் நானூறு சொற்கள் கொண்ட வினாநிரல். ஒரு சொல்லைப் பேசுபவர் வாயாலேயே விளக்கச் சொல்லி, அந்த விளக்கத்தைத் தரவாகப் பதிவுசெய்வது எங்கள் துறையின் வழக்கம். ஆச்சி விளக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, பொங்கி நின்ற இட்லி மாவுக்குள் கையை அமிழ்த்தினார். "இதாம்ட்டி பதம். எழுதிக்கோ" என்றார்.

அன்றைய பதிவில் எஞ்சியது மாவு விலகும் ஓசையும் என் சிரிப்பும் மட்டுமே. வினாநிரலில் அந்தச் சொல்லுக்கு நேரே "விடை இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். அதைவிடப் பிழையான குறிப்பை என் ஆய்வில் நான் எழுதியதில்லை என்பது விளங்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

என் ஆய்வு தாராவியில் வாழும் திருநெல்வேலித் தமிழரின் பேச்சுமொழி பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோல் தொழிலை நம்பி அம்மக்கள் இங்கு வந்து குடியேறினர். 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் இன்றும் அந்த வருகைக்குச் சாட்சியாக நிற்கிறது. தோல் பதனிடும் ஆலைகள் பின்னாளில் இங்கிருந்து அகன்றன. தோல் பொருள்கள் செய்யும் பட்டறைகள் தங்கின. ஆலை போனாலும் சொல் போகவில்லை. "பதனிடுதல்" என்பதற்குள் இருப்பதும், ஆச்சி என் கையை அமிழ்த்திக் காட்டிய அதே பதம்தான்.

தமிழில் இச்சொல் நடமாடும் இடங்களைப் பட்டியலிட்டால் ஓர் ஊரே எழுந்து நிற்கும். உழவருக்கு மண்ணின் பதம். கொல்லருக்கு இரும்பின் பதம். பாகு காய்ச்சுபவருக்குக் கம்பிப் பதம். வானிலை அறிக்கையில் ஈரப்பதம். கத்தி விரலைக் கீறினால் அது நம்மைப் பதம் பார்த்துவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பனங்காட்டு மக்கள் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரையும், பதப்படுத்திய நீர் என்றே விளக்குவதுண்டு. சங்கப் பாடல்களில் பதம் என்றால் உணவு. கன்னடத்தில் இது "ஹத", தெலுங்கில் "பதுனு". சொல் என்றும் அடி என்றும் நிலை என்றும் பொருள்படும் வடமொழிப் "பதம்" வேறு சொல். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதி இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. நம்முடைய பதம் கையால் அறியப்படுவது. ஒரு பொருள் தன் இயல்பின்படி ஆகவேண்டியது ஆகிவிட்ட அந்தத் தருணத்தின் பெயர் அது. தருணம் கடந்தால் பதம் தப்பிவிடும்.

அந்த மாதமே மாட்டுங்காவில் ஒரு சபையில் சைவ சித்தாந்தச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கச் சென்றிருந்தேன். இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் படிநிலைகளைப் பேச்சாளர் விளக்கினார். உயிரைப் பற்றியுள்ள ஆணவமலம் தன் வலிமை குன்றும் பக்குவத்தை எய்தும்போதே அருள் பதிகிறது. அதற்கு முன்பு எந்தக் குரு வந்தாலும் பயனில்லை என்றார். பிறகு, "அடுப்பங்கரை உவமையால் சொல்வதானால், சோறு வேகும்வரை காத்திருப்பதைப் போல" என்று சேர்த்தார். அவையினர் புன்னகைத்தனர். எனக்கு அந்த "உவமை" என்ற சொல் உறுத்தியது.

பரிபாகம், பக்குவம் ஆகிய இரண்டுமே வடமொழியில் "பச்" என்னும் வினையடியிலிருந்து வந்தவை. அதன் பொருள் சமைத்தல். "பக்வ" என்றால் வெந்தது, கனிந்தது. சித்தாந்தி அடுப்பங்கரைக்கு இறங்கிவந்து உவமை சொல்லவில்லை. அடுப்பங்கரையின் சொல்லைத்தான் அவர் மேடைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். ஆன்ம நிலையைக் குறிக்கச் சொல் தேடிய நம் முன்னோர், அனலுக்கு முன் உட்கார்ந்து "ஆயிற்றா, இன்னும் ஆகவில்லையா" என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் கடன் வாங்கினர். அந்தக் கடனை நாம் மறந்துவிட்டோம். மறுநாள் காலை அச்சபைக்கு வந்தவர்களில் சிலராவது, தாராவியிலிருந்து ரயில் தடத்தைக் கடந்து சைக்கிளில் வரும் ஆச்சியின் இட்லியை வாங்கி உண்டிருப்பார்கள். பக்குவம் பற்றிய உரை மாலையில்; பக்குவம் காலையில், ஹாரன் ஒலியோடு, வாசலில்.

ஆச்சியின் வீட்டிலிருந்து சற்று நடந்தால் கும்பார்வாடா. சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறைகளாக அங்கே பானை வனைகின்றனர். பஞ்சுக் கழிவு எரியும் சூளைகளின் புகை சந்துகளில் படிந்து நிற்கும். சுட்ட பானையை அவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம், மராத்திய பக்தி மரபில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை ஒன்று நினைவுக்கு வரும்.

தேர் என்னும் ஊரில் வாழ்ந்த கோரா கும்பார் என்ற குயவரின் வீட்டில் ஞானேசுவரர், முக்தாபாய், நாமதேவர் முதலியோர் கூடியிருந்தனர். பானையைத் தட்டும் பலகையைக் கண்ட முக்தாபாய், அது எதற்கென்று வினவினார். பானை வெந்ததா என்று பார்க்க என்றார் கோரா. அப்படியானால் இங்கிருக்கும் பானைகளையும் தட்டிப் பாருங்கள் என்றார் அந்தச் சிறுபெண். கோரா ஒவ்வொருவர் தலையாகத் தட்டிக்கொண்டு போனார். எல்லோரும் அமைதியாக இருந்தனர். நாமதேவர் மட்டும் சினந்தார். "இந்தப் பானை இன்னும் வேகவில்லை" என்றார் கோரா. புண்பட்ட நாமதேவர் பின்னர் விசோபா கேசரைக் குருவாக அடைந்தார் என்று கதை முடிகிறது. அந்த நாமதேவரின் பாடல்கள் இன்று சீக்கியரின் குரு கிரந்த சாகிபில் இடம்பெற்றுள்ளன. வேகாத பானை என்று ஒரு நாள் அழைக்கப்பட்டது அவருக்குக் கேடாக முடியவில்லை.

நம் மரபிலும் திருத்தொண்டத்தொகை, தில்லைவாழ் அந்தணரை அடுத்துத் தனியடியாராக முதலில் போற்றுவது திருநீலகண்டர் என்னும் குயவரைத்தான். மண்ணோடும் நெருப்போடும் பழகியவர்களிடம் ஞானத்தின் அளவுகோல் இருந்ததென்று இரு மொழிகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இவையெல்லாம் அறிவுக்கு இனித்தன. என் தலையில் பலகை விழுந்தது வேறொரு நாள்.

சனவரி மாதம். மும்பைக்கு அது கடுங்குளிர் இரவு. இட்லி மாவைப் பொங்கச் செய்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே வாழும் நுண்ணுயிரிகள். குளிர் கூடினால் அவை மெதுவாகவே வேலை செய்யும். அதிகாலையில் ஆச்சி மூடியைத் திறந்தார். முந்தைய மாலை விட்ட அளவிலேயே மாவு கிடந்தது. விரலால் தொட்டார். மூடினார். வாசலில் சைக்கிள்களோடு ஐந்து இளைஞர்கள் காத்திருந்தனர். அவர்களில் ஒருவன் ஆச்சியின் பேரன். "கொஞ்சம் சோடா உப்பப் போட்டு ஊத்து ஆச்சி, யாருக்குத் தெரியும்?" என்றான்.

ஆச்சி அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "வராதத வந்துட்டுன்னு சொல்லக்கூடாதுட்டி. திங்கிறவன் வயிறு சொல்லிரும்."

அன்று எட்டரை மணிவரை இட்லி இல்லை. அலுவலகம் செல்வோரின் நேரம் தவறியது. பாதி மாவு அக்கம்பக்கத்தில் தோசைக்கென்று குறைந்த விலைக்குப் போயிற்று. ஒரு நாள் வருமானத்தில் பெரும்பகுதி இழப்பு. ஆச்சி அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை.

அந்த நான்கு மணி நேரம் எனக்கும் வேலை இல்லை. கருவியை அணைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். இளைஞர்கள் என்னை மறந்து தமக்குள் பேசத் தொடங்கினர். "ஏலே, எங்கன வச்ச சாவிய?" "இங்கனதாம்ல கெடந்துச்சு." நான் நிமிர்ந்தேன். எங்கன, இங்கன, அங்கன ஆகிய நெல்லை வடிவங்கள் தாராவியின் மூன்றாம் தலைமுறையினரிடம் மறைந்துவிட்டன என்று ஒரு முழு இயலையே நான் எழுதி முடித்திருந்தேன். சான்று, பள்ளி அறையொன்றில் ஆசிரியர் முன்னிலையில் ஏழு பேரிடம் எடுத்த பதிவு. போதாதென்று எனக்கு அப்போதே தெரியும். அட்டவணைகளும் மேற்கோள்களும் சேர்த்து அதைப் பொங்கவைத்திருந்தேன். அவை என் சோடா உப்பு.

அந்த இயலைத் திரும்பப் பெற்றேன். என் உதவித்தொகை மார்ச்சுடன் முடிந்தது. செம்பூரில் இருந்த வாடகை அறையை இன்னொருத்தியுடன் பகிர்ந்துகொண்டு, பள்ளி மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி நடத்தி ஓராண்டைக் கழித்தேன். இதை வீரமாகச் சொல்லவில்லை. பல இரவுகள் வருந்தியிருக்கிறேன். ஆனாலும், வேகாத ஒன்றை வெந்ததென்று காட்டிக்கொண்டு வாழ்வதில் உள்ள களைப்பு அந்த ஆண்டில் எனக்கு இல்லை.

இங்கே நிறுத்தினால், "ஏழையின் எளிய வாழ்வில் எவ்வளவு ஞானம்!" என்று வியக்கும் வழக்கமான கட்டுரையாக இது முடிந்துவிடும். அந்த வியப்பின்மீது எனக்கு ஐயம் உண்டு. குழாயில் நீர் வரும் வீட்டில் இருந்துகொண்டு, வரிசையில் நிற்பவரின் பொறுமையைப் புகழ்வது எளிது.

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வதாக மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தால்தான் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பக்கா வீடு, கச்சா வீடு என்ற பேச்சு சந்தெங்கும் பரவியது. அந்தப் "பக்கா"வும் "பக்வ" என்பதன் வழிவந்த சொல்தான். பக்குவம் கைவரப்பெற்ற ஒருத்தி, தன் வீடு பக்காவா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

ஆச்சி காத்திருக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த தாள்களை எடுத்து என்முன் பரப்பினார். காலஞ்சென்ற கணவரின் பெயர் ரேஷன் அட்டையில் ஒருவிதம், மின்கட்டண ரசீதில் இன்னொருவிதம். பெயரின் நடுவிலிருந்த ழகரம் மராத்தி எழுத்துக்கு மாறும்போது ஒன்றில் ளகரமாகவும் மற்றொன்றில் யகரமாகவும் திரிந்திருந்தது. மொழியியல் படித்தவள் உதவக்கூடிய இடம் வாழ்க்கையில் அரிதாகத்தான் வாய்க்கும். இரண்டும் ஒரே பெயர் என்று விளக்கும் உறுதிமொழித் தாளை எழுதிக்கொடுத்தேன். மாவு ஆட்டும் நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆச்சி அலுவலகங்களின் வாசலில் நின்றார்.

"இவ்வளவு அவசரம் எதற்கு ஆச்சி? நீங்கள்தானே காத்திருக்கச் சொல்லித் தந்தீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"மாவுக்குத்தாம்ட்டி காத்துக் கெடக்கணும். அடுப்புல வச்சத அப்படியே விட்டா அடிபிடிச்சிரும்."

பதம் என்ற சொல்லை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். அதை நான் பொறுமை என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். பொறுமை அதன் பாதிதான். எதை விட்டுவைப்பது, எதை உடனே இறக்குவது என்று முன்னிருக்கும் பொருளைப் பார்த்து அறிவதே பதம். அதற்குக் கண்ணும் விரலும் ஒவ்வொரு நாளும் அங்கே இருக்க வேண்டும். நேற்றைய அளவு இன்றைக்கு உதவாது. மழைக்காலத்து மாவு வேறு, மாசி மாவு வேறு. துறவும் தனிமையும் தேடிப் போகிறவர்கள் அடைய விரும்பும் விழிப்பு இதைவிடப் பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை. அதை அடைந்தவரின் வீட்டுக்கதவில் சாயத்தால் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் போயிருந்தேன். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதிகாலை. ஆச்சி மாவுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி, "நீ பாரு" என்றார். இத்தனை ஆண்டுகளில் இதுவே முதல்முறை. கையைக் கழுவி, துடைத்து, உள்ளே விட்டேன்.

"இன்னும் அரைமணி நேரம் ஆகும் ஆச்சி" என்றேன்.

ஆச்சியும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூடியை மூடிவிட்டு, சைக்கிள்களோடு நின்றவர்களைப் பார்த்து, "அரைமணி நேரம் நில்லுங்கல" என்றார்.