ஞாயிற்றுக்கிழமை உறங்கும் புல்வெளி

நம் சினிமாவில் கோல்ஃப் மட்டையைத் தொடுகிறவர் யார்? கதாநாயகியின் பணக்கார அப்பா. அவர் இல்லையென்றால் வில்லன். வெள்ளைத் தொப்பி, பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன், "அந்தப் பையனை மறந்துடும்மா" என்று ஒரு வசனம். கோல்ஃப் என்றால் நமக்கு அவ்வளவுதான்.

அந்த விளையாட்டின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் மனிதர் எந்தப் பிரபுவும் இல்லை. கைத்தறி நெசவாளி ஒருவரின் மகன். பெயர் டாம் மோரிஸ்.

எடின்பரோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். வழியில் ஃபோர்த் கழிமுகத்தைக் கடக்கும் செந்நிற எஃகுப் பாலம் வரும். 1890-ல் திறந்த பாலம். அதன்மேல் ரயில் போகும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கீழே விரியும் அந்தத் தண்ணீருக்கு நம் கதையில் ஒரு பங்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் இப்போது ரயில் நிலையம் கிடையாது, 1969-லேயே மூடிவிட்டார்கள். லூகர்ஸ் என்ற ஊரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

ஊருக்குள் மூன்று பெரிய தெருக்கள். 1413-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருப்பதால் எங்கே திரும்பினாலும் மாணவர்கள். ஒரு கோடியில் இடிந்த பேராலயம், மறு கோடியில் புல்வெளி. டாமின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

அவர் பிறந்தது 1821-ல். ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழில் கற்கச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பந்து, தோல் உறைக்குள் இறகு அடைத்தது. ஒரு உயரத் தொப்பி நிறைய இறகை வேகவைத்து, ஈரத்தோடு ஒரு சின்ன உறைக்குள் திணிப்பார்கள். நாள் முழுக்க உழைத்தால் மூன்று, நான்கு பந்து தேறும். இறகுத் தூசி நெஞ்சில் இறங்கும். பந்து விலை எக்கச்சக்கம் என்பதால் வாங்கியவர்கள் கனவான்கள். செய்தவர்களும், கூட நடந்து மட்டை சுமந்தவர்களும் ஏழைகள். இந்த ஏழைகளுக்குத்தான் ஆட்டம் கைவந்திருந்தது! கனவான்கள் இவர்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டினார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்ற இனம் பிறந்தது இப்படித்தான். அந்த வரிசையில் முதல் பெயர் ராபர்ட்சன், இரண்டாவது அவருடைய சீடர் டாம்.

குருவையும் சீடரையும் பிரித்தது ஒரு மரத்தின் பால். மலாயாக் காடுகளில் வளரும் குட்டா பெர்ச்சா மரத்தின் பாலை உருட்டிப் பந்து செய்யலாம் என்று 1848 வாக்கில் யாரோ கண்டுபிடித்தார்கள். மலிவு, மழையில் நனைந்தாலும் கெடாது, உடைந்தால் சூடாக்கி மறுபடி உருட்டிக்கொள்ளலாம். ராபர்ட்சனுக்கு வயிற்றில் புளி கரைத்தது. தொழிலே போய்விடுமே! ஒருநாள் ஆட்டத்தில் கைவசமிருந்த பந்துகள் தீர்ந்துபோக, டாம் அடுத்தவரிடம் ஒரு குட்டாப் பந்தை வாங்கி அடித்துவிட்டார். விஷயம் குருவுக்கு எட்டியது. அன்றோடு வேலை போயிற்று.

1851-ல் டாம் குடும்பத்தோடு மேற்குக் கரையிலிருக்கும் பிரெஸ்ட்விக்குக்குப் போனார். அங்கே புல்வெளியை அமைப்பதும் காப்பதும் அவர் பொறுப்பு. 1859-ல் ராபர்ட்சன் இறந்துவிட, இனி யார் பெரிய ஆட்டக்காரர் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் தேடி 1860 அக்டோபரில் அதே பிரெஸ்ட்விக்கில் ஒரு போட்டி வைத்தார்கள். ஆடியவர்கள் எட்டே பேர். பணப்பரிசு இல்லை, வெள்ளிக் கொக்கி வைத்த சிவப்புத் தோல் பெல்ட் ஒன்றுதான். இன்று உலகமே பார்க்கும் 'ஓப்பன்' அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வருடம் டாம் இரண்டு அடியில் வில்லி பார்க்கிடம் தோற்றார். பிறகு 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை ஜெயித்தார். 1864-ல் அவருக்குக் கிடைத்த பரிசுப் பணம் 6 பவுன்!

சொந்த ஊர் அவரைத் திரும்ப அழைத்தது. ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம். கையில் கொடுத்தது ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு சவள். ஓப்பனை மூன்று முறை ஜெயித்தவருக்கு! அவர் வெட்கப்படவில்லை, மண்ணைத் தோண்டினார். மணலைத் தூவினால் புல் அடர்ந்து வளரும் என்று கண்டு, போகுமிடமெல்லாம் மணல், மணல் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்று உலகம் முழுக்கப் புல்தரையைப் பராமரிப்பவர்கள் செய்வது அதைத்தான். புதர் மண்டிக் கிடந்த பாதையை அகலப்படுத்தினார். பதினெட்டாவது குழியைச் சுற்றியுள்ள பசுந்தரையும் அவர் கைவேலை. அந்தக் குழிக்கே அவர் பெயர். எதிரே இருக்கும் தெருவில்தான் கடை போட்டார்.

அவருடைய மகன் டாமி அப்பாவை மிஞ்சினான். 1868-ல் ஓப்பனை ஜெயித்தபோது வயது 17. அடுத்த இரண்டு வருடமும் அவனே. தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் பெல்ட் சொந்தம் என்பது விதி, எடுத்துக்கொண்டான். கொடுக்கப் பரிசே இல்லாமல் 1871-ல் போட்டி நடக்கவில்லை. 1872-ல் மறுபடி நடந்தது. ஜெயித்தது மறுபடி டாமி! கனவான்கள் தூக்கிப்போடும் காசுக்குக் காத்திருக்காமல், தன் ஆட்டத்துக்குத் தானே விலை பேசியவன் அவன். என்னைக் கேட்டால் அவன் ஜெயித்த கோப்பைகளைவிட இதுதான் பெரிய விஷயம்.

1874-ல் மார்கரெட் டிரின்னனைக் கைப்பிடித்தான். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண், அவனைவிட மூத்தவர். மறு வருடம் செப்டம்பரில் அவர் நிறைமாத கர்ப்பிணி. அப்பாவும் மகனும் ஃபோர்த் கழிமுகத்துக்குத் தெற்கே நார்த் பெரிக்கில், வில்லி பார்க், அவர் தம்பி மங்கோ இருவருடனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு குழி பாக்கி. அப்போது ஒரு தந்தி: பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வரவும். ஆட்டத்தை முடித்தார்கள், ஜெயித்தார்கள்.

ஆனால் எப்படிப் போவது? அந்தப் பாலம் அப்போது கிடையாது. ரயிலும் படகுமாக மாறி மாறிச் சுற்றிப் போனால் வெகுநேரம் ஆகும். ஒருவர் தன் பாய்மரப் படகைக் கொடுத்தார். கிளம்பும் நேரத்தில் இரண்டாவது தந்தி வந்ததாகவும், அதைப் படித்த தந்தை கடலைக் கடக்கும்வரை மகனிடம் வாய் திறக்கவில்லை என்றும் சொல்வார்கள். தாயும் சேயும் இறந்துவிட்டிருந்தார்கள்.

டாமி அதன்பின் பழைய டாமியாக இல்லை. பனி கொட்டிய குளிரில் ஆறு நாள் நீண்ட ஒரு பந்தயத்தை ஆடி ஜெயித்தான். 1875 கிறிஸ்துமஸ் அன்று காலை படுக்கையில் இறந்து கிடந்தான். வயது 24. மனம் உடைந்து செத்தான் என்றது ஊர். அப்படிச் சாக முடியுமென்றால் தானும் இருந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் கிழவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அடுத்த வருடமே மனைவி போனார். பிறகு ஒவ்வொருவராக, பெற்ற பிள்ளைகள் அனைவருமே அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். அவரோ தினமும் காலையில் கடலில் குளித்துவிட்டு வேலைக்கு வந்தார்.

பதினெட்டாவது குழிக்கு அப்பால் கம்பீரமாக நிற்கும் கல்கட்டடம் கனவான்களின் சங்கம். டாமின் இடம் வெளியே புல்லிலும் கடையிலும்தான். ஆனால் அவருடைய முதுமையில் அதே சங்கம் பிரபல ஓவியரைக் கொண்டு அவரை வரையவைத்து உள்ளே மாட்டியது. படத்துக்கு உள்ளே இடம் கிடைத்துவிட்டது! பெண்கள் உறுப்பினராக 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1908-ல், 86 வயதில், ஊரிலிருந்த வேறொரு சங்கத்தின் மாடிப்படியில் விழுந்து டாம் இறந்தார்.

நீங்கள் போவதானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். தேவாலய மூப்பரான டாம், உங்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டும் என்று ஞாயிறு ஆட்டத்தை மறுத்தவர். இன்றும் வழக்கமான ஞாயிறுகளில் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. மட்டைக்குப் பதில் நாய்க்குட்டிகளும் குழந்தைகளும் ஓடும். ஒரு காசு கொடுக்காமல் நீங்களும் நடக்கலாம், சின்ன ஓடைமேல் இருக்கும் ஸ்வில்கன் கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். மணற்குழிகளில் மட்டும் இறங்காதீர்கள்.

அங்கிருந்து இருபது நிமிட நடையில் பேராலயக் கல்லறைத் தோட்டம். மதில் சுவரில் டாமியின் சிலை, தொப்பி அணிந்து, பந்தை அடிக்கக் குனிந்த நிலையில். அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் சேர்த்து வைத்தவை. காலடியில் அப்பாவின் கல்லறை. வருகிறவர்கள் பூவோடு ஒன்றிரண்டு கோல்ஃப் பந்துகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.