பாய்லருக்குள் சுண்ணாம்புக் காளவாய்

உங்கள் வீட்டில் வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் உட்பக்கத்தை எப்போதாவது விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? வழவழவென்று இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சொரசொரவென்று வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால், இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நாமக்கல் பக்கம் எங்கள் வீடு சொரசொர ரகம். போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அம்மா இருந்தவரை பருப்புக்கும் காபிக்கும் மட்டும் நாலு தெரு தள்ளி ஒரு கிணற்றிலிருந்து தனிக் குடம் வரும். அது ஏதோ மடி, ஆசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான கெமிஸ்ட்ரி என்று புரிய எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

பையன் வெளிநாடு கிளம்பும்போது ஓர் எஸ்பிரஸோ மிஷின் வாங்கி சமையலறையில் வைத்துவிட்டுப் போனான். “அப்பா, இனிமே நல்ல காபிக்காக பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடக்காதீங்க” என்றான். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. அப்பாக்களிடம் விலையை மறைக்கிற வயது அவனுக்கு வந்துவிட்டது.

எஸ்பிரஸோ என்பது நம் டிகாக்‌ஷனுக்கு அவசரக்காரத் தம்பி. 1884-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோரியோண்டோ என்பவர் நீராவியை வைத்துக் காபி போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-ல் லூயிஜி பெஸெரா அதைக் கோப்பை கோப்பையாகப் போடும்படி மாற்றினார். இன்றைய மிஷின்களில் 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, காற்றழுத்தத்தைப் போல சுமார் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் காபித்தூள் வழியே தள்ளுகிறார்கள். அரை நிமிஷத்தில் வேலை முடிகிறது. நம் பித்தளை ஃபில்டர் ராத்திரியெல்லாம் சொட்டிச் சொட்டிச் செய்கிற காரியம்.

எட்டு மாதம் ராஜ வாழ்க்கை. பிறகு காபி நூலாக இறங்கியது. அப்புறம் சொட்டு. ஒருநாள் வெறும் உறுமல் சத்தம் மட்டும்.

சேலத்தில் ஒரு மெக்கானிக் பாய்லரைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “சார், இதுல காபி போட்டீங்களா, சுண்ணாம்பு காய்ச்சினீங்களா?”

அவர் உள்ளங்கையில் முட்டை ஓடு கணக்காக வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். எங்கள் ஊர் முட்டைக்குப் பேர்போனது. பாய்லரும் முட்டை போடும் என்று எனக்குத் தெரியாது. மிஷின் மேல் குற்றமில்லை. அதோடு வந்த கையேட்டில் தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அன்று ராத்திரி பையன் போன் செய்தான். “மிஷின் எப்படிப்பா இருக்கு?”

“ஜோரா இருக்குப்பா” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

விஷயம் இதுதான். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அந்த லேசான புளிப்பு, வழியில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் வாயு பறந்துவிடும், சுண்ணாம்பு மட்டும் தங்கும். பாத்திரத்தில் என்றால் தேய்த்துவிடலாம். மிஷினுக்குள் குழாய்கள் குச்சி கனம்தான். அடைத்துக்கொள்ளும். ஹீட்டர் மேல் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டரே காய்ந்து கருகும்.

நல்ல தண்ணீர் தேடி எங்கே போவது? எனக்குக் கொல்லிமலை ஞாபகம் வந்தது. பெரக்கரை நாட்டில் ஓர் அம்மாவிடம்தான் வருஷா வருஷம் காபிக் கொட்டை வாங்குவேன். கொட்டையோடு தண்ணீரையும் கொண்டுவந்துவிட்டால்? இரண்டு 20 லிட்டர் கேன்களைப் போட்டுக்கொண்டு காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினேன்.

கொல்லிமலையின் உச்சிகளில் பாக்ஸைட் உண்டு, அலுமினியத்துக்காக வெட்டியும் எடுத்திருக்கிறார்கள். பாக்ஸைட் இருக்கிறது என்றால், லட்சக்கணக்கான வருஷ மழை அந்தப் பாறையிலிருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். கரையாதது மேலே மிச்சம். கீழே சமவெளியில் கதை வேறு. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்டே செய்கிறார்கள்.

அந்த அம்மா வரக்காபி போட்டுக் கொடுத்தார். வெல்லம் போட்டது. குடித்துவிட்டு, தண்ணீர் கொதித்த சட்டியை வாங்கித் தடவிப் பார்த்தேன். வழவழ!

“எத்தனை வருஷமா இதுல வெந்நீர் வெக்கிறீங்கம்மா?”

“எங்க மாமியா காலத்துச் சட்டி சார். ஏன், ஓட்டையா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாறை இடுக்கிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கேனை வைக்கக் குனிந்தபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்:

“இப்ப நல்லா வருது சார், எடுத்துக்கங்க. மாசி தாண்டினா கொறஞ்சிரும். சித்திரையில ஒரு கொடம் ரொம்பறதுக்குப் பாதி ராத்திரி வரைக்கும் காவல் உக்காரணும்.”

குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். எனக்குத்தான் கேன் கனத்தது. எதுவும் நிரம்பாமலே கனத்தது. கீழே நான் ஒரு ஸ்விட்ச் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. எனக்குக் காபி ருசிக்க வேண்டும் என்று, ராத்திரி கண் விழித்து ஒரு குடம் பிடிக்கிறவர் வாசலில் 40 லிட்டருக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். குடிக்க மட்டும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். கேன்கள் காலியாகவே எழுபது வளைவும் இறங்கின.

வீட்டுக்கு வந்து டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன். என் போர் தண்ணீர் 1,140. ஊற்றுத் தண்ணீர் 42. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்று உலகளவில் ஒரு சங்கம் இருக்கிறது. காபித் தண்ணீருக்கு டி.டி.எஸ். 75-லிருந்து 250-க்குள், 150 பக்கம் இருந்தால் உத்தமம் என்று அவர்கள் வகுத்த அளவு உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் கொல்லிமலை ஊற்றே கொஞ்சம் போதாது! ஆனால் அந்த வரக்காபி மாதிரி ஒன்றை நான் இன்னும் குடிக்கவில்லை.

“அப்போ ஆர்.ஓ. தண்ணியை ஊத்த வேண்டியதுதானே சார்?” என்பீர்கள். ஊற்றலாம், தனியாக வேண்டாம். தாது உப்பு அறவே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் இருந்தால்தான் தூளின் ருசி இறங்கும். தவிர, வெறும் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். சில மிஷின்களில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கம்பி, தண்ணீரில் மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் ‘நிரம்பிவிட்டது’ என்று தெரிந்துகொள்ளும். உப்பே இல்லாவிட்டால் ஏமாந்துபோகும்.

எங்கள் வீட்டில் காவிரிக் குழாய்த் தண்ணீரையும் ஆர்.ஓ.வையும் கலக்கிறேன். மீட்டரில் 120 வருகிற மாதிரி. ஒரு எச்சரிக்கை. மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கிடைக்கிறது. தண்ணீரின் சிவப்பு நீலமாக மாற எத்தனை சொட்டு என்று எண்ணினால் கடினத்தன்மை தெரிந்துவிடும். குடிநீருக்கான 2012-ம் வருஷத்து இந்தியத் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். நம் வயிறு தாங்கும். மிஷின் தாங்காது.

ஆர்.ஓ. கழிக்கிற தண்ணீரும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு குடம் சுத்தம் செய்ய அதைவிட அதிகமாகவே வெளியே தள்ளுகிறது. அதைப் பிடித்து வைத்து வீடு துடைக்கிறோம். அந்த ஊற்றைப் பார்த்த பிறகு சாக்கடைக்கு விட மனசு வரவில்லை.

மற்றபடி பராமரிப்பு பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு காபிக்கும் பிறகு சக்கையைத் தட்டிவிட்டு, வெறும் வெந்நீரை ஒரு தடவை ஓட விடுங்கள். பால் நுரைக்கிற குழாயை உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு மூச்சு நீராவி விடுங்கள். காய்ந்த பால், சிமெண்ட். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டி, இருபது நிமிஷம் ஊறவைத்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். பாய்லர் அலுமினியம் என்றால் ஆசிட் அதையே தின்னலாம். முதலில் கையேட்டைப் படியுங்கள். நான் படிக்காத அந்த இரண்டு பக்கத்தை!

அம்மா மாதம் ஒருமுறை ஃபில்டரின் மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் காட்டுவாள். அடைத்திருந்த தூள் கருகி, ஓட்டைகள் திறந்து, வெளிச்சத்தில் நட்சத்திரம் மாதிரி தெரியும். அவளுக்கு எந்தக் கையேடும் தேவைப்படவில்லை.

மிஷின் சரியாகி வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பையனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மிஷின் போனா போகுதுப்பா. எங்கிட்ட பொய் சொல்ற அளவுக்கா வந்துட்டீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு என் முன்னால் நின்ற முகம் நினைவுக்கு வந்தது. அப்போது நான் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

மெக்கானிக் கொடுத்த சுண்ணாம்புச் சில்லு ஒன்று மிஷின் பக்கத்திலேயே இருக்கிறது. தூக்கிப் போட மனசில்லை. நீங்கள் இப்போது எழுந்துபோய் அந்த வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்களேன்.