புதைவடத்தின் உயிர் ஜாயிண்டில்

புயலடித்த மறுநாள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கம்பியையெல்லாம் பூமிக்கடியில் போட்டால் என்ன?" 2016 டிசம்பரில் வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டபோதும் கேட்டார்கள், 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோதும் கேட்டார்கள். கேபிள்களை இணைக்கும் ஜாயிண்டரான நானும் போடத்தான் வேண்டும் என்பேன். ஆனால் புதைத்ததோடு கவலை தீர்ந்துவிடாது. புதைவடம் எத்தனை காலம் உழைக்கும் என்பது அதில் போடும் ஜாயிண்டைப் பொறுத்தது.

மேலே போகும் கம்பிக்குக் காற்றே இன்சுலேஷன். கிளை உரசிப் பொறி பறந்தாலும், கிளை விலகியதும் காற்று பழையபடி தாங்கும். பிரேக்கரைத் திரும்பப் போட்டால் சப்ளை வந்துவிடும். அறுந்த இடமும் லைன்மேன் கண்ணுக்குத் தெரியும். 11 கிலோவோல்ட் எக்ஸ்எல்பிஇ கேபிளில் மின்சாரத்தைத் தடுத்து நிற்பது 4 மில்லிமீட்டர்கூட இல்லாத பாலித்தீன். அது துளைபட்டால் தானாக ஆறாது. கருவி வைத்து இடம் தேடி, ரோட்டைத் தோண்டி, கெட்டதை வெட்டியெடுத்துப் புது ஜாயிண்ட் போட வேண்டும்.

ஜாயிண்ட் போட, கேபிளின் மேலுறை, ஆர்மர், செப்பு டேப் என்று அளந்து உரித்த பிறகு கருப்பான செமிகண்டக்டர் அடுக்கு வரும். அதை எடுக்கும்போது கத்தி அடியிலுள்ள இன்சுலேஷனைக் கீறக் கூடாது. கீறலில் காற்று தங்கும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆரம்பித்து மெல்ல மெல்ல அரிக்கும். துடைப்பதற்கும் திசை உண்டு. கண்டக்டர் முனையிலிருந்து கருப்பு அடுக்கை நோக்கித்தான் துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் கருப்புத் துகள் இன்சுலேஷன் மேல் படிந்து மின்சாரத்துக்கு வழி காட்டிவிடும். கருப்பு அடுக்கு முடியும் விளிம்பில் மின்புலம் குவியும். அங்கே ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் டியூப் பிசகாமல் உட்கார வேண்டும். குழியில் ஈரம் இருந்தால், யார் அவசரப்படுத்தினாலும் கேபிளைத் திறக்காமல் இருப்பதே தொழில் தர்மம்.

எல்லாக் கம்பியையும் புதைக்க வேண்டியதும் இல்லை. ஊர் தாண்டி நெடுந்தூரம் போகும் 230, 400 கிலோவோல்ட் லைன்களுக்கு டவரே பொருத்தம். கேபிள் நீள நீள, அதைச் சார்ஜ் செய்யும் கரண்டே அதன் திறனைத் தின்றுவிடும். செலவும் பல மடங்கு. கடலோர ஊர்களுக்கும் நெருக்கமான தெருக்களுக்கும் புதைவடம்தான் வேண்டும். போடுபவர்கள் ஒவ்வொரு ஜாயிண்டும் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள். தெருவில் ஜேசிபியை இறக்குபவர்கள், முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.