வாட்டர் சர்வீஸும் ஒரு ஸ்விவலும்

நம்ம ஊர்ப்பக்கம் 'செல்ஃப் சர்வீஸ் கார் வாஷ்'னு சொன்னா, பக்கெட்டும் பழைய பனியனும் எடுத்துக்கிட்டு வாசல்ல நாமளே கழுவுறதுன்னுதான் அர்த்தம் :-) அமெரிக்காவுல காசைப் போட்டுட்டு, மேலே சுழலுற கம்பியிலேர்ந்து தொங்குற ஹோஸைப் பிடிச்சு அவங்கவங்க வண்டியை அவங்களே கழுவிக்கிறாங்க. புதுக்கோட்டையில நமக்குத் தெரிஞ்சது வாட்டர் சர்வீஸ். அறந்தாங்கி ரோடோ திருமயம் ரோடோ, ஒரு போர், ஒரு தகரக் கொட்டகை, எந்நேரமும் ஈரமான சிமெண்ட் தரை. ரெண்டு ஊர்லயும் பொதுவா ஒரு சாமான் இருக்கு. ஸ்விவல். சுத்துற ஜாயின்ட்.

என் மச்சான் ஒருத்தர் அப்படி ஒரு கொட்டகை வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமைன்னா நான் ஸ்பேனரும் கையுமா அங்கதான் (வீட்ல திட்டு தனி).

ஹோஸும் கன்னும் சேர்ற இடத்துல கட்டைவிரல் பருமனுக்குப் பித்தளையிலயோ ஸ்டீல்லயோ ஒரு துண்டு இருக்கும். பையன் வண்டியைச் சுத்தி நடக்கும்போதும் மணிக்கட்டைத் திருப்பும்போதும் ஹோஸ் முறுக்கிக்காம இது சுத்திக் கொடுக்கணும். அவ்வளவுதான் அதோட வேலை. ஆனா எந்த நிலைமையில சுத்துதுன்னு பாருங்க. பம்பு 100 பார் தருதுன்னு வைங்க. கடைக்காரர் 1500 பி.எஸ்.ஐ.ன்னு சொல்றது கிட்டத்தட்ட இதுதான். அரை இஞ்ச் துவாரத்தோட பரப்பு 1.27 சதுர சென்டிமீட்டர். பெருக்கினா, ரெண்டு பாதியையும் பிரிச்சு எறியப் பார்க்குற விசை 125 கிலோவுக்கு மேல. அஞ்சு அரிசி மூட்டை, 25 கிலோ மூட்டை! அதை உள்ளே ஒரு வரிசை எஃகு குண்டுகள் தாங்குது. தண்ணியை நிறுத்துறது ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங்.

மச்சான் போர்ல உப்புத் தண்ணி. டம்ளர்ல வச்சுக் காய்ஞ்சா வெள்ளையா படியும். அதே படிவு ஸ்விவலுக்குள்ளயும் படியும். தினமும் ஓடிக்கிட்டே இருந்தா அவ்வளவா தெரியாது, சும்மா கிடந்தாதான் வினை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாம கொட்டகை பல நாள் மூடிக் கிடந்துச்சு. திறந்து பார்த்தா ரெண்டு ஸ்விவலும் கல்லு மாதிரி இறுகிப் போச்சு. அதோட மணலும் சேரும். கன்னைத் தரையில போடாதீங்கடான்னு எத்தனை தடவை சொன்னாலும் போடுவானுங்க.

இறுகின ஸ்விவலை யாரும் கண்டுக்கிறதில்லை, ஏன்னா தண்ணி வந்துக்கிட்டுதானே இருக்கு! ஆனா சுத்த வேண்டியது சுத்தலேன்னா அந்த முறுக்கு ஹோஸுக்குப் போகும். கிளிப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஹோஸ் மடங்கி மடங்கி, ரப்பர் வெடிச்சு, உள்ளே இருக்குற எஃகுக் கம்பி வலை துரு பிடிச்சு ஒவ்வொரு இழையா அறுந்து, கடைசியில குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை.

எங்க மாவட்டத்துலயே வேற ஒரு கொட்டகையில (பேர் வேண்டாம்) நடந்தது. "ண்ணே, ஹோஸ் முறுக்கிக்குதுண்ணே"ன்னு பையன் ரெண்டு நாளா சொல்லியிருக்கான். "இந்த வாரம் ஓட்டுடா தம்பி, பார்த்துக்கலாம்"னு முதலாளி. மூணாவது நாள் எங்கேயிருந்தோ தூறல் மாதிரி தெறிக்க, பம்பு ஓடும்போதே ஹோஸைக் கையால தடவிப் பார்த்திருக்கான். உள்ளங்கையில ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட சரியா வரலை. சாயங்காலம் வரைக்கும் வண்டி கழுவியிருக்கான். ராத்திரி கை பன்னு மாதிரி வீங்கிடுச்சு. ஆபரேஷன் பண்ணித் திறந்து கழுவினாங்க. மோதிர விரல் இன்னும் முழுசா மடங்காது.

தோலுக்கு அடியில பாய்ஞ்ச தண்ணி அழுக்கு, ஷாம்பு, டீசல் எல்லாத்தையும் சேர்த்துத்தான் உள்ளே கொண்டுபோகும். வெளிக்காயத்தைப் பார்த்து எடை போடவே முடியாது. யாருக்காச்சும் இப்படி ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், டாக்டர்கிட்ட "கையில குத்திடுச்சு"ன்னு மொட்டையா சொல்லாம "ஹை பிரஷர் ஹோஸ்"னு சொல்லணும். ஓட்டையைத் தேடணும்னா கை வேண்டாம், ஒரு அட்டையை நீட்டினா போதும்.

சில நூறு ரூபா சாமானுக்காக ஒரு விரல். எனக்கு இன்னும் ஆறலை.

சரி, பராமரிப்புக்கு வர்றேன். மோட்டாரை நிறுத்திட்டு, மெயினையும் அணைச்சுட்டு, கன் விசையை அழுத்தி மிச்ச பிரஷரை வெளியே விட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடணும். மோட்டார் நின்னாலும் ஹோஸுக்குள்ள அழுத்தம் அடைஞ்சு நிக்கும், நிறைய பேர் இதை மறந்துடுறாங்க. கழட்டக்கூடிய ஸ்விவலா இருந்தா உள்ளே துடைச்சு, ஓ-ரிங்கை மாத்தி, லேசா சிலிக்கான் கிரீஸ். கண்ட கிரீஸையும் அப்பினா சில ரப்பர் உப்பிக்கும். டெஃப்லான் டேப்பை மரையில மட்டும், முதல் ரெண்டு சுத்தை விட்டுட்டுச் சுத்தணும். பிசிறு உள்ளே போனா நேரா நாசில்ல போய் அடைக்கும். ரெண்டு விரலால திருப்பினா சுத்தணும், பம்பு ஓடும்போதும் கன்னைத் திருப்பினா சுத்தணும். குண்டு ஆட்டம் கண்டுட்டா ரிப்பேர் எல்லாம் கிடையாது, புதுசுதான்.

மச்சான் இப்ப சாவி மாட்டுற ஆணியில ஒரு பிளாஸ்டிக் கவர்ல அஞ்சாறு ஓ-ரிங்கும் ஒரு புது ஸ்விவலும் தொங்க விட்டிருக்கார். போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ரோடு வரைக்கும் வண்டி வரிசை. ஸ்விவல் பிடிக்குதுன்னு பையன் சொன்னதும் பம்பை நிறுத்திட்டார். அடுத்து நின்ன டிராக்டர்காரர் திட்டின திட்டை இங்க எழுத முடியாது. மாத்த ஆனது பத்து நிமிஷம்.