பெரிய கையெழுத்து

ஆகஸ்ட் பிறந்தால் கடிதம் கேட்டு எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் ரெஸிடென்ஸிக்கு, அதாவது நம்மூர் எம்.டி., எம்.எஸ். போன்ற மேற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிற இளம் மருத்துவர்களுக்கு அது பரபரப்பான காலம். செப்டம்பர் கடைசியில் மருத்துவமனைகள் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கத் தொடங்கும்போது பரிந்துரைக் கடிதங்களும் உள்ளே போயிருக்க வேண்டும். ஓர் இடத்துக்கு நான்கு கடிதங்கள் வரை அனுப்பலாம். யாருக்கு எங்கே இடம் என்பது மார்ச் மாத மூன்றாம் வெள்ளிக்கிழமை தெரியும். மிச்சிகனில், ரெஸிடென்ட்டுகளுக்குப் பயிற்சி தரும் ஒரு மருத்துவமனையில் நான் பொது மருத்துவம் பார்க்கிறேன். மருத்துவர்கள் பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தால் போதும், நம் பிள்ளைகள் எப்படியோ தேடிப் பிடித்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் அவர்கள் இப்படி யாரிடமும் போய் நின்றதில்லை. அங்கே மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. தரவரிசை போதும். உங்களைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. நமக்குப் பழகியதெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ்தான். வகுப்பில் முதலாவதாக வந்தவனுக்கும், ஹாஸ்டல் வார்டனைத் தூங்கவிடாதவனுக்கும் அதே இரண்டு வரி. அதற்கு மேல் எதுவும் வேண்டுமென்றால், "நீயே டைப் பண்ணிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்பார்கள். அப்படிச் சொல்வதைப் பெரிய மனது என்றே நாமும் எடுத்துக்கொள்வோம்.

அந்தப் பழக்கத்தில்தான், ஊரிலிருந்து கிளம்பும்போதே யூனிட் சீஃபிடம் ஒரு கடிதம் வாங்கி வருகிறார்கள். கல்லூரியின் லெட்டர்ஹெட், பெயருக்குப் பின்னால் ஒரு வரிக்குப் பட்டங்கள், கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. உள்ளே இருப்பதோ, 'நேர்மையானவர், கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்.' எங்கள் தேர்வுக் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு கடிதத்தோடு ஒரு பெண் விண்ணப்பித்தால் சக மருத்துவர்களின் பார்வை முத்திரையில் நிற்பதே இல்லை. எழுதியவர் அந்தப் பெண்ணை எத்தனை நாள் பார்த்தார், எந்த வார்டில், என்ன செய்யக் கண்டார் என்றுதான் தேடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். சீஃபுக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

'கடின உழைப்பாளி' என்பது பாராட்டுதானே என்று கேட்கலாம். 2003இல் ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பெரிய அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்காக வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை வரி வரியாகப் பார்த்திருந்தார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை பொதுவாகச் சிறியவை. உழைப்பைப் பற்றிய புகழ்ச்சியும், லேசாகச் சந்தேகத்தைக் கிளப்பிவிடும் வரிகளும் அவற்றில் கூடுதல். எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். அதைப் படித்த பிறகு, ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதினால் அனுப்பும் முன் இன்னொரு தரம் வாசித்துப் பார்க்கிறேன். அவசர சிகிச்சைத் துறைக்காரர்கள் இந்தப் புகழ்மொழிச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய கடிதம் ஒரு படிவம்: உன்னிடம் வந்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் மேல் பத்து சதவீதத்திலா, மேல் மூன்றில் ஒரு பங்கிலா, நடுவிலா, கீழா? ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டே ஆக வேண்டும். கொடூரம்தான், ஆனால் மழுப்ப முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு தடை. பெரும்பாலோர் அப்சர்வர்ஷிப்பில் வருகிறார்கள். ரவுண்ட்ஸில் கூட நடக்கலாம், கேட்கலாம். நோயாளியைத் தொடக் கூடாது, மருந்து எழுதக் கூடாது. கையைக் கட்டி நிற்கிறவரைப் பற்றி என்னத்தை எழுதுவது? முன்பெல்லாம் எனக்கும் இது பெரிய கேள்வியாக இருந்தது.

தென் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வார்டில் இதயம் பலவீனமான ஒரு முதியவர். ரத்தத்தில் பொட்டாசியம் ஆறைத் தாண்டி நின்றது. அதைக் கூட்டக்கூடிய இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தியாயிற்று, அப்படியும் சரியாக இறங்கவில்லை. சிறுநீரகத்தைப் பற்றி நாங்கள் படுக்கையைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் பார்வை காலை உணவுத் தட்டில் இருந்திருக்கிறது. மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன டப்பாவை முட்டையின் மேல் தட்டித் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார் மனிதர். உப்பு ஆகாது என்பதால் உப்புக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் தூள். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு. எல்லோர் முன்னாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ரவுண்ட்ஸ் முடிந்ததும் ரெஸிடென்ட்டைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இது நான் கண்டுபிடித்ததில்லை" என்று அவனே என்னிடம் வந்து சொன்னான். அவளுக்கான கடிதத்தில் அந்த டப்பாவைத்தான் முதல் பத்தியில் வைத்தேன். உழைப்பாளி என்று எங்கும் எழுதவில்லை.

இப்போது கடிதம் கேட்கிற எல்லோரிடமும், இங்கே பார்த்ததில் உனக்கு மறக்க முடியாத நோயாளிகளைப் பற்றி எழுதி அனுப்பு என்கிறேன். சிலர் ஒரு பக்கம் அனுப்புவார்கள். சிலர் மறுபடியும் பயோடேட்டாவையே அனுப்புவார்கள்.

எழுதியதை அவர்கள் பார்க்க முடியாது. 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி மாணவருக்குத் தன் கல்விக் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று படிவத்திலேயே குறித்துவிடுவார்கள். பார்த்துவிட்டு அனுப்பிய கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. நேராக இணையத்தில் நான் ஏற்றிவிட வேண்டியதுதான். இது பெற்றவர்களுக்குத்தான் தாங்கவில்லை. ஓர் அப்பா ஊரிலிருந்து இரவு நேரத்தில் அழைத்தார். "டாக்டர் சார், பாப்பாவுக்குக் கொஞ்சம் நல்லா போட்டுக் குடுங்க சார். ஒரு காப்பி வாட்ஸப்ல அனுப்புனா பத்திரமா வச்சுக்குவேன்." அவரை என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது இப்போது நினைவில்லை. அமெரிக்காவில் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 'நீயே ஒரு டிராஃப்ட் எழுதிக்கொடு' என்கிற பிஸி டாக்டர்கள் இங்கேயும் உண்டு.

இங்கே படித்த மாணவர்கள் கேட்கிற விதமே வேறு. "எனக்கு வலுவான ஒரு கடிதம் எழுத உங்களால் முடியுமா?" என்பார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு அதிலேயே ஒரு வாசல் இருக்கிறது. நம் பிள்ளைகள் "ஒரு லெட்டர் வேணும் சார்" என்று வந்து நிற்கும்போது அந்த வாசல் இல்லை. மறுத்தால் அவமானம் என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். அதனால் மறுக்க மாட்டார் என்று தெரிந்தவரிடமே போகிறோம். அவரும் மறுக்காமல் வெதுவெதுப்பாக நாலு வரி எழுதிக்கொடுத்துவிடுவார். கடிதமே இல்லாமலிருந்தால்கூட அவ்வளவு சேதம் வராது.

ஆனால் நீட் தரவரிசையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். கூலி வேலைக்காரர் மகளும் யாரையும் தெரியாமல் அந்த எண்ணை வாங்கிவிடலாம். இங்கே கடிதம் வேண்டுமென்றால் விசா, விமானம், அறை வாடகை, பல இடங்களில் அப்சர்வர்ஷிப்புக்கே கட்டணம் எல்லாம் முதலில் வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஏணியாக இருந்தது யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளில் முதல் தேர்வின் மதிப்பெண். 2022 ஜனவரி முதல் அதிலும் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். எண் போன இடத்தில் இரண்டாம் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் கடிதத்துக்கும் கனம் கூடிவிட்டது. இதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆண்டு வந்த ஒரு பையனுக்கு நான் எழுதவில்லை. ஒரு வாரம்தான் என்னோடு இருந்தான், அதிலும் பாதி நாள் நான் கிளினிக்கில். மீதி நாளெல்லாம் அவன் சுற்றியது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஓர் இளம் அட்டெண்டிங் மருத்துவரோடு. அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "அவங்ககிட்டயே வாங்கிக்கோப்பா" என்றேன்.

"சார், நீங்க புரொஃபசர். அவங்க இப்பதான் சார் சேர்ந்திருக்காங்க" என்றான்.

"தெரியும். அவங்ககிட்ட போ."

அரைமனதாகத்தான் போனான்.